ஏழு கடிகாரங்களின் பிழைப் பட்டியல்

கடிகாரம் காட்டியது பத்து, அடித்தது மூன்று.

நாற்காலி மேல் நின்றிருந்தவள் அதை முறைத்தாள். பக்கத்துக் கடிகாரமும் பத்துதான் காட்டியது. அது பன்னிரண்டு அடித்தது. மூன்றாவது, பேசப்போகிறவர் தொண்டையைச் செருமுவதுபோல் கர்ரென்றது. பிறகு மனதை மாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

"நேரம் தெரியாத கடிகாரத்தைப் பாத்திருக்கேன் அண்ணி. எண்ணத் தெரியாத கடிகாரத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றாள் கீழே நின்ற நாத்தனார்.

"உன்னை நாற்காலியைப் பிடிச்சுக்கத்தான் சொன்னேன்."

"பிடிச்சுக்கிட்டுத்தானே பேசுறேன். பன்னிரண்டரைக்கு ஆளுங்க வந்துடுவாங்க."

"தெரியும்."

"இதையெல்லாம் ஓடவிடவே வேணாம்னு நான் சொன்னேன்."

"அதுவும் தெரியும்."

அவள் கணவர் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டு வாத்தியாராக இருந்து, இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றவர். இசைக்கு அடுத்தபடியாக அவருக்குப் பழைய பொருள்கள் என்றால் உயிர். தெருவில் அவர் பெயர் கடிகார சார். கூடத்துச் சுவரில் ஏழு கடிகாரங்கள். ஏழும் அவர் பிறப்பதற்கு முன்பே பிறந்தவை. ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை, ஒன்றுக்கு வினாடி முள் இல்லை, ஒன்றின் மரப்பெட்டியைக் கரையான் பாதி தின்றிருந்தது. நல்லதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒருமுறை கடையில், பித்தளை விளிம்போடு ராஜா மாதிரி நின்ற ஒரு கடிகாரத்தைக் காட்டினாள். அவர் அதன் மணியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த கரையான் தின்றதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழும் ஏழு நேரத்தில் அடித்தன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அங்கே ஐந்து நிமிஷம் என்றால் ஐந்து நிமிஷம். இங்கே தினமும் காலையில் ஒரு மனிதர் ஏணி போட்டு ஏறி, ஒரு மணி நேரம் ஏழு கடிகாரங்களின் முள்ளையும் திருகிக்கொண்டிருப்பார். இறங்கி வந்த பிறகும் ஏழும் தப்பாகவே ஓடும்.

"எல்லாத்தையும் ஒண்ணா வைக்க முடியாதா?" என்று கேட்டால், "ஒரு வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா நல்லாவா இருக்கும்?" என்பார்.

போன வருஷம் அவள் பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தாள். ஒரு வாரம், வேலையிலிருந்து வந்ததும், ஏழு மணிக்கு நிறுத்துகடிகாரத்தோடு கூடத்தில் நின்று, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி தாமதமாக அடிக்கத் தொடங்குகிறது என்று அளந்தாள். முதலாவது சரி. இரண்டாவது, இரண்டு வினாடி. மூன்றாவது, நான்கு. நான்காவது, ஐந்து. அப்படியே போய் ஏழாவது, பதின்மூன்று. வாரம் முழுக்க ஒரு வினாடிக்கு மேல் மாறவில்லை. தப்புக்குக்கூட இவ்வளவு ஒழுக்கமா என்று அவளுக்கு எரிச்சல் கூடியதுதான் மிச்சம். கட்டம் போட்டு எழுதி, மேலே 'பிழைப் பட்டியல்' என்று தலைப்பிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

அவர் அதை நின்று படித்தார். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்று இரவு முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் கூட அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது வேறு.

அவரை எடுத்துச் செல்லக் காத்திருந்த காலை. கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் தலைகுனிந்து நின்றபோது பதினோரு மணி ஆனது. முதல் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. இரண்டாவது அதன் மேல் ஏறியது. மூன்றாவது, நான்காவது. ஏழு பதினொன்று எழுபத்தேழு. முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விடும்போது இன்னொரு 'டங்'. பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பக்கத்து ஆளைத் தொற்றியது. ஒரு வீடு நிறைய மனிதர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க, அவரை வழியனுப்பினார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் ஏழு ஊசல்களையும் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

இன்றைக்கு அவருடைய பழைய மாணவர்கள் வருகிறார்கள். சரியாக ஒரு மணிக்கு ஒரு நிமிஷ மௌனம். அந்த ஒரு மணியை அவருடைய கடிகாரங்களே அடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து, ஒரே அடி. அவள் கேட்டது அவ்வளவுதான். அவரை நினைத்து இனி யாரும் சிரிக்கக் கூடாது.

"அண்ணி, அது பத்து நிமிஷம் பின்னால இருக்கு. நான் தள்ளி வச்சுட்டேன்," என்றாள் நாத்தனார்.

"எதை?"

"அந்த ஓரத்துல இருக்குறதை."

"அதை இப்பத்தானே நான் சரியா வச்சேன்!"

"என் கைக்கடிகாரத்துக்குச் சரியா இல்லையே."

"உன் கைக்கடிகாரம் எதுக்குச் சரியா இருக்கு?"

நாத்தனார் யோசித்தாள். "என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்துக்கு," என்றாள்.

பதினோரு மணிக்கு ஒன்று ஏழு அடித்தது, ஒன்று இரண்டு அடித்தது, ஒன்று அடிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை. நாத்தனார் ஓடிப்போய் அதன்மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு முட்டியாவது நிக்கட்டும்!"

அப்போதுதான் பழைய சாமான் கடைக்காரர் வந்தார். தோளில் துண்டால் சுற்றிய ஒரு மூட்டை. வாசலில் செருப்பைக் கழற்றியவர், தலையணையும் கையுமாக நின்ற நாத்தனாரைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"சார் தேடச் சொன்னதும்மா," என்று மூட்டையைப் பிரித்தார். உள்ளே இன்னொரு கடிகாரம். முன்பிருந்த ஏழையும் அழகு என்று சொல்ல வைத்துவிடும் கடிகாரம். "ரெண்டு வருஷமாத் தேடினேன். எது கிடைச்சாலும் போன்ல மணியைத் தட்டிக் காட்டச் சொல்வாரு. 'இது இல்லப்பா'ன்னு வச்சுடுவாரு. கண்ணை மூடிக்கிட்டுக் கத்தரிக்காய் வாங்குற மாதிரி. இதைத் தட்டினதும், 'அதேதான், எடுத்துட்டு வா'ன்னாரு. மறுவாரமே இப்படி ஆயிடுச்சு."

ஏழாவது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தது. அவள் அதைக் கையால் காட்டினாள். அவர் மாட்டினார். அளவெடுத்து விட்ட இடம்போல் உட்கார்ந்தது.

"எட்டும் ஒண்ணா அடிக்கணும். உங்களால முடியுமா?" என்றாள்.

கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். "முள்ளைச் சும்மா சுத்தினீங்களாம்மா?"

"ஆமா."

"இதுல முள்ளு வேற வேலை, மணி வேற வேலை. ஒவ்வொரு மணியிலயும் நின்னு, அடிச்சு முடிச்ச பிறகுதான் அடுத்ததுக்குப் போகணும். இல்லைன்னா மணி வழி தப்பிடும். இப்ப எல்லாத்தையும் முதல்லேருந்து அடிக்க விடணும். சார் எப்படி வச்சிருந்தாரு?"

அவள் சமையலறைக்குப் போய்ப் பட்டியலை எடுத்து வந்து நீட்டினாள். "இப்படித்தான். எல்லாம் பிழை. எல்லாத்தையும் பூஜ்யம் ஆக்குங்க."

அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் அந்த வீட்டில் எத்தனை முறை மணி அடித்தது என்று அவளே எண்ணவில்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எட்டும் தனித்தனியாக ஒப்பித்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டுத் தையல்காரியின் இயந்திரம் நின்றுபோனது அவளுக்குக் கேட்டது.

அது அவளுடைய பழைய வெட்கம். ஒண்டியாக இருந்து தைத்துப் பிழைக்கும் பெண். தலைக்கு மேல் இப்படி ஒரு ரகளையை எத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்! ஒருநாள்கூட மேலே வந்து சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"கீழே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா," என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"'இன்னைக்கு ஒரு மணிக்கும் அடிக்குமா?'ன்னு கேக்குறா அண்ணி!"

"கேட்கத்தான் செய்வா."

"எவ்வளவு நக்கல்! மூஞ்சியை மட்டும் பாவமா வச்சுக்கிட்டா."

"நீ என்ன சொன்னே?"

"நான் விடுவேனா? ஒரே ஒரு அடிதான், எல்லாம் சேர்ந்து, இனிமே உனக்குத் தொந்தரவே இருக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன். மெஷின்மேல தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

பன்னிரண்டு மணி வேலைக்கு நடுவிலேயே கடந்துபோனது. பன்னிரண்டரைக்கு மாணவர்கள் வந்தார்கள். மாணவர்கள் என்றால் வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக இருபது பேர். பழைய பழக்கத்தில் உயரப்படி வரிசையாக நின்றார்கள். மேசைமேல் அவர் படம். பக்கத்தில் அவருடைய ஆர்மோனியம்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்பது. அவள் போனின் வினாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏணியின் கீழே கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் முன்ஜாக்கிரதையாகத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி.

எட்டுச் சுத்தியலும் ஒரே கணத்தில் விழுந்தன. அது மணியோசையாகவே இல்லை. பாத்திர அலமாரி ஒன்று மொத்தமாகக் கவிழ்ந்ததுபோல் ஒரே ஒரு சத்தம். ஆர்மோனியத்தின் மேலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு குதித்துக் கீழே விழுந்தது. ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பிறகு அமைதி. ஒரு வினாடிகூட முன்பின் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நிமிஷம் முழுதும் அவள் தலைகுனிந்து நின்றாள். நினைத்ததைச் சாதித்துவிட்டாள். ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒன்று காலி ஆணிபோல் துருத்திக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் அவர் இல்லை. எங்கே போனார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"பிரமாதம்மா," என்றார் வரிசையில் உயரமானவர், காதைத் தேய்த்துக்கொண்டே. "ரொம்ப... துல்லியமா இருந்துச்சு."

வாசலில் தையல்காரி நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா. கையில் மூடி திறக்காத சாப்பாட்டு டப்பா. அழுதிருந்தாள்.

"மறுபடியும் மன்னிச்சுக்கம்மா," என்று வாசலுக்கு வந்தாள் அவள். "இனிமே உனக்கு இந்தத் தொல்லை—"

"பாட்டு எங்கேக்கா?" என்றாள் தையல்காரி.

"எந்தப் பாட்டு?"

"ஒரு மணிப் பாட்டு."

நாத்தனார் தலையணையைக் கீழே வைத்தாள்.

"மத்த நேரம் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு அடிக்கும், ஒண்ணும் புரியாது. ஒரு மணிக்கு மட்டும் ஒவ்வொண்ணும் ஒரு அடிதானே? ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா, வரிசையா வரும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் மெஷினை நிறுத்திட்டுச் சாப்பிடுவேன். ரெண்டு வருஷமா."

"நான் கேட்டதே இல்லையே."

"நீங்க அந்த நேரத்துல வேலையில இருப்பீங்க. ஞாயித்துக்கிழமை உங்க தூக்கம் கெடும்னு சார் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிடுவாரு. ராத்திரியிலயும் அடிக்க விடமாட்டாரு."

தையல்காரி வெட்கப்பட்டுக்கொண்டே முணுமுணுத்தாள். ஏழு ஸ்வரம். ஏழாவதில் நின்றுவிட்டாள். படிக்கட்டில் கடைசிப் படி இல்லாததுபோல் இருந்தது. யாரும் கேட்காமலே எட்டாவதைக் கடிகார சாரின் மனைவி வாய் பாடிவிட்டது.

அவளே திடுக்கிட்டாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, யாரும் இல்லை என்ற தைரியத்தில் அவள் முனகும் பாட்டு அது. எங்கே கற்றாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் காலடிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். பாட்டு வாத்தியார் முன்னால் பாடுவதா? படிக்கட்டில் நின்றே அவர் கேட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் ஏணியில் இரண்டு படி ஏறினார். புதிதாக வந்த கடிகாரத்தின் மணியை விரலால் சுண்டினார். அதே எட்டாவது ஸ்வரம்.

"இது கிடைச்சதும் உங்களை ஒருநாள் லீவு போடச் சொல்லணும்னு இருந்தாருக்கா," என்றாள் தையல்காரி.

அவள் சுவரைப் பார்த்தாள். எட்டு முகங்களும் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் நான்கும் பதின்மூன்றுமாக அவர் தினமும் காலையில் ஏணி ஏறி வைத்ததையெல்லாம் ஒன்றேகால் மணி நேரத்தில் பூஜ்யம் ஆக்கிவிட்டாள்.

"அழிச்சுட்டேன்," என்றாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. "நானே அழிச்சுட்டேன்."

கடைக்காரர் பையைத் துழாவி, மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தையல்காரி எட்டிப் பார்த்தாள். மேலே பிழைப் பட்டியல் என்ற தலைப்பு. அடியில் சிவப்பு மையில் 'சரி'.

"அட, இதுதான் இருக்கேக்கா!" என்றாள். "இதை எங்கிட்டகூடக் கொண்டுவந்து காட்டினாரே, 'பாட்டைக் கடிகாரத்துல போட்டது நான், ஸ்வரம் எழுதினது எம் பொண்டாட்டி, ஒரு வினாடிகூடத் தப்பில்ல'ன்னு."