எந்த நாட்டில் எவ்வளவு கொழுப்பு

ஒரு நாட்டின் பெருமையைப் படையை வைத்தும் பாலங்களை வைத்தும் அளப்பது பாமரத்தனம். அந்நாட்டுக் கால்நடைத் தீவனத்தில் எத்தனை விழுக்காடு விலங்குக் கொழுப்பு சேர்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். இந்த மகத்தான உண்மையை 1984ஆம் ஆண்டு மனிதகுலத்துக்கு அருளியது சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு மாடி அறை. வாசலில் 'உலக நாடுகளின் தீவனக் கொழுப்பு ஒப்பாய்வுக் குழு' என்று பலகை தொங்கியது. எழுத்து அதிகமாகி, 'குழு' மட்டும் சுவருக்குப் போயிருந்தது.

குழுத் தலைவர் வெள்ளியங்கிரி. மூன்றே வாரத்தில் ஒன்பது நாடுகளுக்குச் சென்று, அவற்றில் நான்கில் விமான நிலையத்தை விட்டு வெளியிலும் வந்த பேரறிஞர்.

புதுச்சத்திரத்தில் முந்நூறு கோழி வளர்த்துவந்த மயிலம்மாளுக்கும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. புருஷன் போன பிறகு அந்தக் கோழிகளை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. கோடையில் முட்டை குறையாமலிருக்க ஏதாவது வழி சொல்வார்கள் என்று பஸ் ஏறிப் போனாள்.

சுவரில் பெரிய வரைபடம். அமெரிக்காவுக்கு நெட்டையாக ஒரு கட்டம். டென்மார்க்குக்கு நடுத்தர உயரம். இந்தியாவுக்கு நேராக ஒரு கோடு மட்டும் படுத்துக் கிடந்தது.

"பாருங்கள்!" வெள்ளியங்கிரியின் குரல் தழுதழுத்தது. "அமெரிக்கக் கோழிக்குக் கொழுப்பு. டென்மார்க் கோழிக்குக் கொழுப்பு. நம் கோழிக்கு மட்டும் வெறும் சோளமும் புண்ணாக்கும்! இது தேசத்துக்கே தலைகுனிவு!"

சபை தலைகுனிந்தது. மயிலம்மாள் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, அது என்ன கொழுப்புங்க? ஆட்டுதுங்களா, மாட்டுதுங்களா?"

"அகில உலகக் கொழுப்பு, அம்மிணி."

"அந்த நாட்டுல எல்லாம் வந்ததை வந்தபடிக்கே போட்டுருவாங்களாங்க?"

"சோதனைச்சாலை, குளிர் அறை என்று என்னென்னவோ வைத்திருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் வீண் ஆடம்பரம்! நாம் அதை மிச்சம் பிடித்துவிட்டோம்."

கைதட்டல் அடங்குமுன் மயிலம்மாளின் கொட்டகை 'கொழுப்பு வளர்ச்சி மாதிரிப் பண்ணை'யாக ஏகமனதாகத் தேர்வானது. கேள்வி கேட்பவர்களுக்கு உடனே பொறுப்பைக் கொடுத்துவிடுவது குழுவின் உயர்ந்த மரபு.

அக்கினி நட்சத்திர வெயிலில் லாரியிலிருந்து பீப்பாய் இறங்கியது. மூடியைத் திறந்ததும் ஊர் நாய்கள் எல்லாம் வேலைவெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தன. மறுநாள் பக்கத்து ஊர் நாய்களும் வந்தன. ராசிபுரத்து நாய் ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கியதாகக்கூடப் பேச்சு. பார்வையிட வந்த குழு உறுப்பினர் 'பொதுமக்களிடையே நல்ல வரவேற்பு' என்று குறிப்பெழுதிக்கொண்டார்.

கோழிகள்தான் வரவேற்கவில்லை. கொழுப்புக் கலந்த தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பி நின்றன. பசி தாங்காமல் தின்றவை கழிந்தன. நாளுக்கு இருநூற்று முப்பது முட்டை இட்ட கொட்டகையில் நான்காம் நாள் முப்பத்தொன்று. அன்று பதினோராவது கோழியும் துவண்டது. சூடு ஆறாத அதன் உடம்பை மடியில் வைத்துக்கொண்டு மயிலம்மாள் சிறகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தபாலாபீசுக்குப் போய்க் குழுவுக்குப் போன் போட்டாள். வெள்ளியங்கிரியே எடுத்தார்.

"சாருங்க, கோழியெல்லாம் கழியுதுங்க. சாவுதுங்க."

"எத்தனை?"

"பதினொண்ணுங்க."

"அருமை! ஒப்பிட ஓர் எண் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தோம். கொழுப்பின் மேல் குற்றமில்லை, அம்மிணி. உங்கள் கோழிகளுக்கு உலக அனுபவம் போதாது. அவற்றுக்குப் பயிற்சி முகாம் நடத்தத் தீர்மானம் போட்டிருக்கிறோம். அதுவரை கொழுப்பை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்."

மயிலம்மாள் போனை வைத்தாள். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தாள். சோளக்காட்டின் கோடியில் ஆளுயரக் குழி வெட்டி, பீப்பாயை உருட்டி உள்ளே தள்ளி மூடினாள். நாய்கள் கண்டனம் தெரிவித்துக் கலைந்தன. கோழிகளுக்குப் பழையபடி சோளமும் கடலைப் புண்ணாக்கும் போட்டாள். மூன்றாம் வாரம் முட்டை இருநூறைத் தாண்டியது.

செய்தி எட்டியதும் குழு மேடை, மைக், மாலைகளோடு வந்து இறங்கியது. 'கொழுப்பு வெற்றி விழா'. வரைபடத்தில் இந்தியா இப்போது அமெரிக்காவைவிட ஒரு முழம் உயரம். தாளுக்கு வெளியே அட்டை ஒட்டி வளர்த்திருந்தார்கள். மேடையில் ஆறு நாற்காலி. குழுவினர் ஆறு பேருக்கும் மாலை.

"முப்பத்தொன்றிலிருந்து இருநூறு! எல்லாம் கொழுப்பின் மகிமை!" என்று முழங்கிய வெள்ளியங்கிரி, மைக்கை மயிலம்மாளிடம் நீட்டினார். "சாதனைப் பெண்மணியே, மீதிக் கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது? அறிக்கையில் சேர்க்க வேண்டும். சொல்லுங்கள்."

"நீங்க அனுப்புன பீப்பாயைக் குழி தோண்டிப் பொதைச்சுப் போட்டனுங்க. கோழி தின்னது சோளமும் புண்ணாக்குந்தானுங்க."

வெள்ளியங்கிரி மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். அவள் பிடியை விடவில்லை.

"மத்த நாட்டுல கொழுப்பைச் சோதிச்சுப் பாத்துக் கோழிக்குப் போடறாங்க. நீங்க கோழிக்குப் போட்டுக் கொழுப்பைச் சோதிச்சுப் பாத்தீங்க. பதினோரு உசுரு போச்சுங்க. மீதிக் கொழுப்பு எங்கன்னுதானுங்களே கேட்டீங்க?"

ஆறு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கியும் போகலீங்க. மாலை போட்டுக்கிட்டு வரிசையா உக்காந்திருக்குதுங்க."