மிரளாத டச்சஸும் மிரண்ட வன அதிகாரியும்

மோன்டானா
ஆகஸ்ட், ஞாயிறு

அன்புத் தம்பி ஓரினுக்கு அக்கா மார்லிஸ் எழுதுவது. விலா எலும்பு ஒன்றைத் தவிர இங்கு மற்றதெல்லாம் சுகம். உன் இடுப்பும் உன் கோவேறு கழுதைகளும் சுகமா என்று அறிய ஆவல்.

போன ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "சைக்கிளைப் பாத்தாலே என் கழுதைங்க மிரளுது" என்று நீ சொன்னதிலிருந்து உன்னோடு பேசக் கூடாது என்றிருந்தேன். இருந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்துவிட்டோமே. மலையைக் காப்புக்காடாக அறிவித்தால் சக்கரத்துக்குத் தடையாம், குளம்புக்கு அனுமதியாம். வழியெல்லாம் விட்டை போட்டுக்கொண்டு போகிற உன் கழுதை இயற்கை. சத்தமில்லாமல் போகிற நான் இயந்திரம்! மேடு ஏறச் சம்மதிக்கிற என் முட்டி இறங்கச் சம்மதிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். சைக்கிள் இல்லையென்றால் மலைமேல் இருக்கிற ஏரியை இனி உன் செல்போன் படத்தில்தான் நான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் வன அதிகாரி டெலானியை, சின்ன வயதில் நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாளே அவளைத்தான், கூட்டிக்கொண்டு போய், சைக்கிள் போனால் பாதைக்கு என்ன ஆகிறது, நீயே பார் என்று ஓட்டிக் காட்டினேன். முதல் வளைவில் ஒரு கூழாங்கல்கூட நகரவில்லை. அடுத்த வளைவில் பிரேக் என்று நினைத்து, கைப்பிடியில் கட்டியிருந்த கரடி விரட்டும் மிளகாய்க் குப்பியை அழுத்திவிட்டேன். காற்று அவள் பக்கம். "ஆன்ட்டி, கண்ணு எரியுதே! நான் என்ன கரடியா?" என்று அவள் அலற, என்னவோ ஏதோ என்று திரும்பிய நான் சேற்றில் விழ, சரியாக அந்த நேரம் பார்த்து நீ கழுதைகளோடு வந்து இறங்கினாய்.

"பாத்தியாம்மா, இதுக்குத்தான் சொல்றேன்" என்று கண்ணைத் திறக்க முடியாதவளிடம் போய்ச் சொல்கிறாய்!

"உன் கழுதை மிதிச்ச பள்ளத்துலதான்டா விழுந்தேன்!"

"அது மான் குளம்பு, அக்கா."

"மான் எங்கடா லாடம் கட்டிக்குது?"

உடனே முழங்கால் சேற்றில் நின்று, சின்ன வயதில் நான் உன் பனிச்சறுக்குக் கட்டையை உடைத்தது வரைக்கும் இழுத்தாய். நான் கோபத்தோடு சைக்கிளில் ஏறிப் புறப்பட்டேன். என் முதுகுப் பையிலிருந்த ஆப்பிளை மோப்பம் பிடித்து உன் செல்லக் கழுதை டச்சஸ் என் பின்னாலேயே குடுகுடுவென்று ஓடிவந்தாள். மிரளுகிற லட்சணம் இதுதானா? அவள்மேல் ஏற ஒரு காலைச் சேணத்தின் மிதியில் வைத்திருந்த நீ பக்கத்து ஓடையில் விழுந்ததும், அங்கே கண் கழுவிக்கொண்டிருந்த டெலானியின் மேலேயே விழுந்ததும் சைக்கிளின் குற்றமல்ல.

ஆகவே வியாழக்கிழமைக் கூட்டத்தில் உண்மையைச் சொல். டச்சஸ் மிரளவில்லை. அவ்வளவு போதும்.

உன் மனைவி லோரேனுக்கு என் அன்பு. கழுதைகள் எல்லாவற்றுக்கும் என் ஆசி. உனக்கு யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா மார்லிஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டெலானி போன் செய்தாள். "ஆன்ட்டி, பாதை முழுக்கப் பாத்துட்டேன். ரொம்ப நாசமாப் போனது நீங்க ரெண்டு பேரும் நின்னு சண்டை போட்ட இடம்தான். சக்கரமும் வேணாம், குளம்பும் வேணாம்னு அறிக்கையில எழுதப்போறேன்" என்கிறாள். எனவே மேலே உன் கழுதைகளைப் பற்றி எழுதியதெல்லாம் வாபஸ். வியாழக்கிழமை தயாராக இரு, என் வண்டியிலேயே போவோம். நீ சைக்கிளுக்காகப் பேசு, நான் கழுதைகளுக்காகப் பேசுகிறேன். அவரவர் கட்சிக்கு அவரவரே பேசினால் இந்த ஊரில் எவன் நம்புகிறான்?