சுவர் குடிக்க வேண்டிய தண்ணீர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பெயர் சந்தேகம். மீன்காரி 'இன்னைக்குப் பிடிச்ச சாளை' என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அத்தோடு விடாமல் அவள் முகத்தையும் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை அறைக்கு என்னைக் காவல் போட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுவார்கள். கோடை லீவில் இப்படிப்பட்டவளிடம்தான் என் வீட்டுக்காரர் செல்வின், நாங்கள் கட்டிய வீட்டின் கடைசி வேலைகளை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக ஆபீசுக்குப் போனார். (அந்த நிம்மதி மீதும் எனக்குச் சந்தேகம்.)

அது கரண்ட் கட் தலைவிரித்தாடிய காலம். மின்விசிறியே தேவைப்படாத வீடுதான் கட்டுவேன் என்று செல்வின் ஒற்றைக் காலில் நின்றார். செங்கல்லை நிறுத்தி வைத்து, உள்ளே சூடு ஏறாதபடி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினோம். லீவு நாளெல்லாம் நானும் அவரும் செங்கல் சுமந்தோம். (சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள கல்லே இல்ல, எவனோ கொண்டு போயிட்டான்" என்று நான் ஒருநாள் கத்தியதை விட்டுவிடலாம்.) உள்ளே பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்புப் பூச்சு. அந்த வேலை தெரிந்தவர் என்று எங்களுக்கு அகப்பட்டவர் சிதறால் பக்கத்துத் தங்கமணி கொத்தனார் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பிரதிஷ்டை. போதகரும் சபையாரும் ஜெபம் பண்ண வருகிறார்கள். ஹாலில் கிழக்குச் சுவர் மட்டும் பாக்கி.

கொல்லையில் பலாமரத்தடியில் சாக்கு போட்டு மூடிய நீல டிரம் ஒன்று பத்து நாளாக நின்றது. கொத்தனார் கேட்டு வாங்கிய கருப்பட்டி அத்தனையும் அதற்குள் போயிருந்தது. பக்கத்தில் போனால் புளித்த வாடை, சாக்கைத் தூக்கினால் நுரை. கொத்தனார் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைக் கிண்டி, மோந்து பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.

"இது எதுக்கு கொத்தனாரே?"

"செவத்துக்குத்தான் டீச்சரே."

கருப்பட்டியைச் சுவர் தின்னுமா? யாருக்குக் காது குத்துகிறார்! சாராயம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதுவும் யார் வீட்டில்? ஜங்ஷன் மதுக்கடையை மூடச் சொல்லி, பெண்களைத் திரட்டி ரோட்டில் உட்கார்ந்த மாதர் சங்கச் செயலாளராகிய என் வீட்டில்! போதகர் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனால் என் மானம் என்ன ஆவது? நினைக்கவே வயிறு கலங்கியது. (பிற்பாடு நிஜமாகவே கலங்கியது. பொறுங்கள்.)

வெள்ளிக்கிழமை கொத்தனார் சாயா குடிக்கப் போன நேரம் பார்த்து, ஆதாரம் வேண்டுமே என்று ஒரு டம்ளர் கோரிக் குடித்தேன். துவர்ப்பு நாக்கை இழுத்தது, பிறகு கருப்பட்டி இனித்தது. சாராயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, போதை ஏறுகிறதா பார்ப்போம் என்று பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறு ஏழில் நின்றுவிட்டது. (சும்மா நாளிலும் அங்கேதான் நிற்கும்.) போதும், ஆதாரம் கிடைத்தாயிற்று! டிரம்மை அப்படியே சாய்த்துவிட்டேன்.

"என் வீட்டுலயா சாராயம் போடுதீரு?" திரும்பி வந்தவரைப் பார்த்துக் கத்தினேன்.

கொத்தனாரின் முகம் கறுத்துவிட்டது. "கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணியாக்கும் அது. சுண்ணாம்புல சேத்தாத்தான் செவரு இறுகும். மத்த செவத்துக்கெல்லாம் எங்க வீட்டுல ஊறப்போட்டுக் கொண்டாந்தேன். இத்தன வருசத்துல என்னய ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்ல. உங்க வேலையே எனக்கு வேண்டாம்."

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரை போனவர் திரும்பினார். "ஆமா, சாராயம்னு எப்பிடிக் கண்டுபிடிச்சிய?"

"குடிச்சுப் பாத்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. "எம்மோ! கடுக்காய்லா டீச்சரே! வயித்தக் கழுவி எடுத்திருமே!"

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே இடி இடித்தது. கழிப்பறைக்கு ஓடினேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது: "அங்க போவாதீங்க! பீங்கான் நேத்துதான் பதிச்சது. நாளைக்குத்தான் இருக்கலாம்!"

நாளைக்காம்!

மிச்சமிருந்தது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. எல்லைக்கல்லை நகர்த்தினாள் என்று சந்தேகப்பட்டு இரண்டு வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாதவள். ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள். நாலாம் முறை போனபோது, "ஏட்டி, இனி கூப்பிடாண்டாம். கதவத் தொறந்தே போட்டிருக்கேன்" என்றாள். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் வீட்டுப் படியிலேயே முடிவு செய்தேன்.

கொத்தனார் போகவில்லை. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரோடு அந்தப் படிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "செவர முடிச்சுத் தாறேன். ஆனா தண்ணி ஊற இன்னும் பத்து நாள் ஆவும்" என்றார்.

ஆக, பூசாத சுவர் முன்னால்தான் பிரதிஷ்டை நடந்தது. "இது மட்டும் ஏன் பாக்கி?" என்று போதகர் கேட்டார். செல்வின் சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும், "அந்தச் செவருக்கு உள்ளத செயலாளர் குடிச்சாச்சு ஐயா" என்றார்.

வீடு இன்றைக்கும் குளுகுளுவென்று இருக்கிறது. பிந்திப் பூசிய கிழக்குச் சுவர் மட்டும் நிறம் கொஞ்சம் மங்கல். வருகிறவர்கள் காரணம் கேட்பதும் செல்வின் அலுக்காமல் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தங்கமணி கொத்தனார் வேலைக்குப் போகிற ஊரெல்லாம் அந்த நீல டிரம்மும் போகிறது. அதில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறது: 'செவத்துக்கு மட்டும். டீச்சர்மார் குடிக்கக் கூடாது.'

கொத்தனாரின் கையெழுத்து எனக்குத் தெரியும், அது இல்லை. செல்வினைக் கேட்டால், தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். (எனக்குச் சந்தேகம்தான்.)