இன்ஸ்பெக்டர் ஏறிய பெஞ்சு

பினாங்கில் நான் பார்த்த மனிதர்களில் ராஜாவையும் கூலியையும் ஒரே மாதிரி நடத்தியவர் பெஞ்சு வாத்தியார் ஒருவர்தான். தப்பு செய்தால் இருவரையும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

சொந்தப் பெயர் பள்ளிப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். பேசினால் பெஞ்சு, தூங்கினால் பெஞ்சு. டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அவர் வீட்டு விருந்துக்குத் தாமதமாக வந்த மாமனாரை முக்காலி மேல் நிற்க வைத்துவிட்டுத்தான் இலை போட்டார் என்பார்கள். நான் நம்பவில்லை. பிறகு மாமனாரே சொன்னார்: "முக்காலி இல்ல தம்பி, பெஞ்சுதான்."

அவர் வேலை பார்த்த மிஷன் பள்ளியில் நான் கிராணி, ஊரில் குமாஸ்தா என்பார்களே, அதுதான். ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கூச்சம் வேறு. யாராவது பெயர் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தலைமையாசிரியராக வந்தார். பிள்ளைகளுக்கு இங்கிலாந்து ராஜாக்களின் சரித்திரம் மட்டும் போதாது, தம் நாடான அமெரிக்காவின் சரித்திரமும் வேண்டும் என்றார். அதைச் சொல்லித்தர முதலில் வாத்தியார்கள் படிக்க வேண்டுமே. சனிக்கிழமைதோறும் அவர்களுக்கு வகுப்பு நடந்தது. முடிவில் ஒவ்வொருவரும் மாதிரிப் பாடம் ஒன்று நடத்த வேண்டும். மற்ற வாத்தியார்கள் பிள்ளைகளைப் போல பெஞ்சில் உட்கார வேண்டும். தலை குறைந்தால் என்னையும் கூப்பிடுவார்கள்.

பெஞ்சு வாத்தியார் இரண்டு தடவை தோற்றார். முதல் தடவை, அமெரிக்கப் படை பனிக்கட்டி மிதந்த ஆற்றைக் கடந்ததை விளக்க, அக்கரை பாகான் டாலாமிலிருந்து அந்தப் படையைச் சம்பான் படகில் ஏற்றி, இக்கரையில் பாசாரில் மீன் வாங்கவும் விட்டுவிட்டார். மணி அடித்தபோது போர் இன்னும் தொடங்கவில்லை. இரண்டாம் தடவை எல்லா வாத்தியார்களும் பெஞ்சு மேல் நின்றதால், கேள்வி கேட்க உட்கார்ந்த ஆள் கிடைக்கவில்லை.

மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தோற்றால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலை கிடையாது. அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

அன்று பார்த்து, பள்ளிகளைச் சோதிக்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். அசல் இங்கிலீஷ்காரர். நாற்காலி வேண்டாமென்று கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாடமோ, அமெரிக்கர்கள் இங்கிலீஷ்காரர்களை விரட்டிய கதை. பாதிரியார் வாத்தியாரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய், போரைக் கொஞ்சம் மெதுவாக நடத்தும்படி கெஞ்சினாராம். நடந்ததைத்தானே சொல்ல முடியும் என்று இவர் திரும்பி வந்துவிட்டார்.

பாடம் நன்றாகத்தான் போனது. கதையில் அமெரிக்கர்கள் எறிந்த தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்துகொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் என் பக்கம் குனிந்து, "அவ்வளவும் நல்ல தேயிலை" என்றார். ரகசியமாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. கூடம் முழுக்கக் கேட்டது.

வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றார். "கடைசி பெஞ்சில் பேசியது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்றே நினைக்கிறேன். அந்த ஐந்து பிள்ளைகளும் என் கண் முன் வரிசையாக வந்து நின்றார்கள். நான் எழுந்து பெஞ்சு மேல் ஏறினேன். நான் ஏறிய வேகத்தில் பெஞ்சு ஆடியது, பெஞ்சோடு இன்ஸ்பெக்டரும் ஆடினார்.

வாத்தியார் திரும்பிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "இறங்குலா தம்பி. மூணு வருஷமா நீ என்கிட்டயே பேசினதில்ல. துரைகிட்டயா பேசப்போறே?"

"நான்தான் சார்."

"பொய் சொல்லாதே. உட்காரு."

பிறகு இன்ஸ்பெக்டரிடம், மரியாதை கொஞ்சமும் குறையாமல், தயவுசெய்து ஏறி நிற்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த ஆறடி மனிதர் எழுந்தார். தொப்பியை என் மடியில் வைத்தார். ஏறினார். தலை உத்தரத்தைத் தொட்டது.

"அந்த ஊர்க்காரர்கள் தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?" என்றார் வாத்தியார்.

"அவர்களைக் கேட்காமல் நாங்கள் வரி போட்டோம்," என்று உத்தரத்திடம் சொன்னார் துரை.

"நல்லது. உட்காரலாம்."

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்தது. சரித்திரம் சுமார், வகுப்புக் கட்டுப்பாடு இதுவரை எந்தப் பள்ளியிலும் காணாதது, தேர்ச்சி என்று எழுதியிருந்தார்.

சான்றிதழில் பெயர் எழுதுவது கிராணி வேலை. எத்தனையோ பேருக்கு அரைத் தூக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவருக்கு எழுதும்போது ஓர் எழுத்து லேசாகச் சாய்ந்தது, கிழித்துப்போட்டேன். அடுத்ததில் ஒரு புள்ளி பெரிதாகிவிட்டது, அதையும் கிழித்தேன். நாலாவது தாளில்தான் மனசுக்குப் பிடித்தது. மற்ற மூன்று தாள்கள் எங்கே என்று பாதிரியார் கேட்டார். மை கொட்டிவிட்டது என்று சொன்னேன்.