கிண்ணத்தின் பாதத்தில் என் பெயர்

கால்கிஸ் நகரில் வாழும் மச்சான் ஹெர்மோனுக்கு, ஏதென்சிலிருந்து எண்ணெய் வியாபாரி ஸ்ட்ராட்டோன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை லிசில்லாவும் நானும் நலம். உங்கள் நலமும் ஆடுகளின் நலமும் அறிய ஆவல். அப்படியே, உங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு ஓர் அறை காலியாக இருக்குமா என்றும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். விருந்துக்கென்று குயவர் தெருவில் பத்து மதுக்கிண்ணங்கள் வாங்கினேன். அகலமாய், ஆழமில்லாமல், ஒற்றைக்காலில் நிற்கிற ஜாதி. விருந்தாளிகள் மேலங்கிக்குள் செருகிக்கொண்டு போய்விடுவார்களே என்று ஒவ்வொன்றின் பாதத்துக்கு அடியிலும் என் பெயரையும் அப்பா பெயரையும் கீறச் சொன்னேன். வந்தவர்கள் குடித்துவிட்டு, கைப்பிடியில் விரலை மாட்டிச் சுழற்றி, அடிவண்டலை இலக்கில் தெறிக்கவிடும் விளையாட்டை ஆரம்பித்தார்கள். வண்டலோடு கிண்ணமும் பறந்தது. பத்தும் காலி, ஆனால் பாதம் ஒன்றுகூட உடையவில்லை. எல்லாவற்றையும் தெருவில் கொட்டினோம். மறுநாள்தான் உறைத்தது, அடுத்த வாரம் ஓட்டு நாள்! இங்கே வழக்கம் தெரியுமே, ஆகாதவன் பெயரை ஓட்டாஞ்சில்லில் கீறிப் போட வேண்டும்; யார் பெயர் அதிகமோ அவன் பத்து வருஷம் ஊரைவிட்டு ஓட வேண்டும். தெருவுக்கு ஓடினேன். ஒரு பாதம்கூட இல்லை. மீன் விற்கிற கிட்டோஸ் கையில் ஒன்று இருந்தது.

“ஏம்ப்பா, என் மேல உனக்கு என்ன கோவம்?”

“கோவமா? நீங்க நல்ல மனுசன்ணே. எனக்கு எழுத வராது. இது எழுதியே கெடைச்சுது.”

“அதுல இருக்கறது என் பேருடா!”

“அப்படியா? படிச்சுச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணே. யாரு பேருன்னே தெரியாம இருந்தேன்.”

“குடு, வேற பேரு எழுதித் தரேன்.”

“நீங்க யார் பேரை எழுதுவீங்கன்னு நான் எப்படி நம்புறது?”

மற்ற ஒன்பதும் யாரிடம்? பயத்தைவிட இந்த ஆவல்தான் என்னைக் கொல்கிறது. நாவிதன் ஏன் சிரித்தான்? கொல்லன் ஏன் கையைப் பின்னால் கொண்டுபோனான்? லிசில்லாவிடம் சொன்னால், “பத்து ஓட்டுக்கெல்லாம் துரத்த மாட்டாங்க, ஆயிரக்கணக்குல விழணும்” என்கிறாள். ஆயிரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறதாம்? எதற்கும் அறையைப் பெருக்கி வையுங்கள். அதீனா தேவி உங்கள் கதவையும் ஆடுகளையும் காக்கட்டும்.

ஸ்ட்ராட்டோன்

பி.கு.: கொண்டுவர ஆள் கிடைக்காமல் கடிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் ஓட்டு முடிந்து, யாரோ ஒரு பெரிய மனிதர் கிளம்பிவிட்டார். எனக்கு விழுந்தது ஒன்றே ஒன்று, எழுத வராத கிட்டோஸ் கையில் இருந்ததைப் போட்டது. மற்ற ஒன்பதும் அவரவர் வீட்டு ஜாடிகளுக்கு மூடியாக இருக்கின்றனவாம். அறை வேண்டாம். ஆனால் மச்சான், முப்பது வருஷமாக இந்த ஊரில் எண்ணெய் விற்கிறேன். என்னைத் துரத்த வேண்டுமென்று ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லையே! மனசு ஆறவில்லை. நூறு கிண்ணங்கள் சொல்லியிருக்கிறேன்.