சவிரிமுத்துவின் இரண்டாவது பியோர்ட்

நோர்வேயின் மேற்குக்கரை நிபுணர் என்றோர் இனம் ஒஸ்லோவில் உண்டு. பக்கத்து நகரான திராமனுக்கு அப்பால் கால் வைத்திருக்க மாட்டார். ஆனால் ஸ்தவாங்கர்க் கடலில் எண்ணெய் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது, ஓலசுண்டில் மீனை எத்தனை நாள் காயவைக்கிறார்கள், வடகோடிப் பின்மார்க்கில் நண்டு பிடிக்கிறவன் வரி கட்டுகிறானா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நீங்கள் கேட்டீர்களா? கேட்கத் தேவையில்லை. சொல்லுவார்.

ஒஸ்லோப் புறநகர் வெஸ்ட்லியில் இருந்த சவிரிமுத்து அப்படியொருவர். 2004 கோடையில் அவருடைய மைத்துனன் செபஸ்ரியனுக்கு, எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபின், மேற்குக்கரை ஹௌகசுண்டில் ஒரு கப்பல் தளத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு. காரில் ஏழு மணித்தியால ஓட்டம். காலை ஆறு மணிக்கே செபஸ்ரியன் வரைபடத்தை விரித்தான்.

“மடிச்சு வை மச்சான். நான் இருக்கிறன்.” சாவியைப் பறித்துக்கொண்டார் சவிரிமுத்து. அவர் மனைவி மரியகொறற்றி இடியப்பப் பெட்டியோடு பின்னால் ஏறினாள்.

எண்ணெய்க்கு முன் மேற்குக்கரையை வாழவைத்தது எந்த மீன் என்று விளக்கிக்கொண்டே வந்தவர், திராமனில் பிரதான வீதியைத் தவறவிட்டு, நகருக்குள் புகுந்து, குன்றுக்குள் சுருண்டு ஏறும் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தார். வண்டி சுற்றியது, இன்னும் சுற்றியது, ஆறு சுற்று முடிந்து குன்றின் உச்சியில் வெளிப்பட்டது. கீழே தண்ணீர் மினுங்கியது.

“பாத்தியே! மலைக்குள்ளை கடல் பூந்தால் அதுதான் பியோர்ட். மேற்குக்கரை வந்திட்டுது.”

“அத்தான், வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலந்தானே?”

“என்ரை ஓட்டம் அப்பிடி.”

இறங்கி இடியப்பம் சாப்பிட்டார்கள். சால்மன் வளர்ப்பின் எதிர்காலம் பற்றி அரை மணித்தியாலம் பேருரை. சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி நாயோடு கடந்து போனாள். பிறகு கீழே இறங்கி, நகருக்குள் கொஞ்சம் அலைந்து, மறுபடியும் ஒரு சுரங்கம், மறுபடியும் ஓர் உச்சி.

“இது ரண்டாவது பியோர்ட்,” என்றார் சவிரிமுத்து. “இஞ்சை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.”

மரியகொறற்றி கார்க் கண்ணாடியை இறக்கினாள். “இஞ்சேருங்கோ, அந்த நாயும் ஹௌகசுண்டுக்கோ போகுது?”

அதே சிவப்புத் தொப்பி. செபஸ்ரியன் ஓடிப்போய் அவளிடம் விசாரித்தான். “இது இன்னும் திராமன்தான் அத்தான், அதே குன்று,” என்று திரும்பி வந்து கையை நீட்டினான். சவிரிமுத்து தண்ணீரைப் பார்த்தபடி சாவியைக் கொடுத்தார்.

செபஸ்ரியன் போய்ச் சேர்ந்தபோது இரண்டேமுக்கால். ஏன் தாமதம் என்று மேலாளர் கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னான். மேலாளர் கண்ணீர் வரச் சிரித்து, பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டு, “இன்னொருக்கால் சொல்லு,” என்றார். மூன்றாம் தடவையும் சொன்னபிறகுதான் இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கும் அவன் பிழையில்லாமல் பதில் சொன்னான். வேலை கிடைத்தது.

“நான் சுத்தாட்டி உனக்கு ஆர் வேலை தந்திருப்பான்?” என்றார் சவிரிமுத்து.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் வாசிக்கும்போது, ‘ஹௌகசுண்டுக்குத் திராமனால் ஏன் போனவை, எனக்கு வேறொரு பாதை தெரியுமே’ என்று உங்கள் நாக்குத் துடித்ததல்லவா? தயவுசெய்து பின் இருக்கையில் ஏறுங்கள்.