எண்ணை எண்ணாக விடாதவர்

எந்த எண்ணையும் சும்மா விட்டுவைக்காத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்கள் பேருந்துக்காக நிற்பீர்கள். அவர் பேருந்தின் எண்ணுக்காக நிற்பார். புது வண்டி வாங்கியதாகச் சொல்லிப் பாருங்கள்: நிறத்தைக் கேட்கமாட்டார், விலையைக் கேட்கமாட்டார், எண்ணை மட்டும் கேட்டுக் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, பதினேழால் வகுத்துப் பார்த்துவிட்டு, "பகா எண்ணா இருந்திருக்கும், கொஞ்சத்துல போச்சு" என்று துக்கம் விசாரிப்பதுபோல் சொல்வார். உங்களுக்கும் லேசாக வருத்தமாகிவிடும். எதற்கு என்றுதான் தெரியாது.

எண் நீள நீள அவருக்குப் பாசம் கூடும். ஒரே குறை, அதன் குணமெல்லாம் நினைவிருக்கும், எண் நினைவிருக்காது.

என் நண்பர் ஒருவர் இந்த இனம். தான் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே, எட்டாவது மாடியில், பத்து மணி நேர்முகத் தேர்வுக்குத் தன் அக்கா மகளை அழைத்துப் போனார். அவளுடைய போனைக் கீழே வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. சுவரில் அவசர எண். பத்து இலக்கத்தில் கடைசி ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது என்கிறாள் அவள். தினமும் அவர் ஆராய்ந்த எண் ஆயிற்றே!

"கவலைப்படாதம்மா. இது ஒன்பதால வகுபடும். மத்ததைக் கூட்டினா கடைசி இலக்கம் தானா வந்து நிக்கும்."

கூட்டினார். அந்தக் கூட்டுத்தொகையே ஒன்பதால் வகுபட்டது. ஆக, கடைசி இலக்கம் பூஜ்யமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம்.

"ரெண்டையும் போட்டுப் பாத்துடலாமே மாமா. மணி பத்தாகப் போகுது."

"குத்துமதிப்பாவா? இது ஏழாலயும் வகுபடும்னு ஞாபகம். இரு, வகுத்துடுறேன்."

காற்றில் விரலால் வகுக்கத் தொடங்கினார். பாதியில் மீதி தவறியது. மறுபடி முதலிலிருந்து. நடுவே, ஏழால் வகுபடுவதைக் கண்டுபிடிப்பது ஏன் மற்றவற்றைவிடக் கடினம் என்று ஒரு சிறு சொற்பொழிவு. பத்து மணி தாண்டியதும் அவள் மாமாவின் சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். பூஜ்யம் போட்டாள்; யாரோ தூக்கம் கலைந்து திட்டினார். ஒன்பது போட்டாள், ஆள் வந்து கதவைத் திறந்தார்.

"வந்துட்டாங்க, சரி. ஆனா நிரூபணம் எங்க?" என்றார் மாமா.

மேலே அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. அக்கா தம்பியோடு பேச்சை நிறுத்தினார். கிடைத்த அமைதியில் தம்பி தாளில் வகுத்து முடித்தார். ஒன்பதுதானாம்.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. "அது சரி, அந்த நம்பர் என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் அப்படி இல்லை, தெரியும். இருந்தாலும் எண்ணை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறேன். அது உங்களை உறுத்துகிறது என்றால் ஒரு சிறு வேண்டுகோள்: லிஃப்டில் தனியாகவே ஏறுங்கள்.